காழ்ப்பு: உண்டு, இல்லை

குடிநீர் வாரியத்தின் மூன்றாம் நீரேற்று நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக வால்வு திறந்து மூடியவரை எல்லோரும் சக்கரம் என்றுதான் கூப்பிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு ஒரு இரும்புச் சக்கரத்தை இடப்பக்கமாக முப்பத்தாறு சுற்றுச் சுற்றுவார். நகரத்தின் கிழக்குப் பாதிக்குத் தண்ணீர் போகும். எட்டு மணிக்கு அதே சக்கரத்தை வலப்பக்கமாக முப்பத்தாறு சுற்றுச் சுற்றுவார், தண்ணீர் நின்றுவிடும். இதைத் தவிர அவர் வாரியத்துக்கு நல்லதும் செய்ததில்லை, கெடுதலும் செய்ததில்லை. ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டார்.

அது புது மேல்நிலைத் தொட்டியின் திறப்பு விழா. வாரியத்தின் தலைவரே வந்திருந்தார். பந்தல் போட்டு, நாற்காலி அடுக்கி, பளபளவென்று ஒரு பித்தளைக் குழாயை மேடையிலேயே நட்டு வைத்திருந்தார்கள். தலைவர் ரிப்பனை வெட்டிவிட்டுக் குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை. காற்றாவது புஸ்ஸென்று வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. "அழுத்தம் ஏறிக்கிட்டிருக்குங்க ஐயா, ஒரு நிமிஷம்" என்றார் நிலையத்தின் மேற்பார்வையாளர். கூட்டம் கைதட்டியது. ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் கைதட்டியது. மூன்றாவது நிமிடத்தில் தலைவர் பக்கத்தில் நின்ற சக்கரத்திடம், "ஏம்ப்பா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"அதுக்கு ஒரு மாசம் ஆகுங்க. குழாயே இன்னும் இணைக்கலை" என்றார் சக்கரம். ஒலிவாங்கி அவர் வாய்க்கு நேராக இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

விழா முடிந்ததும் மேற்பார்வையாளர் சக்கரத்தின் தோளில் கைபோட்டு, "நல்லவேளை சொன்னீங்க. மனுஷனுக்கு நேர்மைதான் முக்கியம்" என்றார். அடுத்த மாதம் வால்வு அறையிலிருந்த சக்கரத்தின் நாற்காலி பழுது பார்க்கப் போனது. திரும்பி வரவில்லை. அதற்கடுத்த வருடம் மின்விசிறி போனது. மூன்று வருடம் மழைக்கோட்டு, கணக்குச் சரிபார்க்க வேண்டும் என்று மழைக்கு முன் வாங்கப்பட்டு, மழைக்காலம் முடிந்த மறுநாள் திரும்பக் கொடுக்கப்பட்டது. விடுப்பு விண்ணப்பம் நீல மையில் எழுதினால் கறுப்பு மையில் வேண்டும் என்று திரும்பும். கறுப்பில் எழுதினால் நீலத்தில் வேண்டும் என்று திரும்பும். ஒவ்வொரு தடவையும் மேற்பார்வையாளர் சிரித்த முகமாகவே இருந்தார். "வீட்டுல அக்கா சௌக்கியமா?" என்று கேட்காத நாள் கிடையாது. இப்படியே ஆறு வருடம் ஓடியது. பிறகு பணிமாறுதல் ஆணை வந்தது: நிர்வாக நலன் கருதி, பதினேழாம் நீரேற்று நிலையத்துக்கு. பேருந்தில் போனால் ஏழு மணி நேரம்.

சக்கரத்தின் வீடு இரண்டே அறை. அதில் அவரும், அவரைவிட எட்டு வயது மூத்த அக்காவும் இருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை; அமையாததைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை. அக்கா ஓர் அச்சகத்தில் இருபத்தேழு வருடம் பிழை திருத்தியவள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, ஒன்பது வருடத்துக்கு முன்னால் அறவே போய்விட்டது. ஆனாலும் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கட்டிலிலிருந்து எட்டு அடியில் அடுப்பு. அடுப்பிலிருந்து மூன்று அடியில் தண்ணீர்க் குடம். குடத்துக்கு இடப்பக்கம் கதவு. மற்றதையெல்லாம் காது பார்த்துக்கொள்ளும். பால் பொங்கப்போகிறது என்பதைப் பாலுக்கு முன்பே அவள் காது தெரிந்துகொள்ளும்.

ஆணையைச் சக்கரம் படித்துக் காட்டினார்.

"நிர்வாக நலனா? நீ இங்க இருந்தா நிர்வாகத்துக்கு என்னடா கெடுதல்?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா."

"தெரியலையா? அன்னிக்கு மேடையில வாயத் திறந்தியே, அது."

"அதுக்குத்தான் அப்பவே நல்லவேளை சொன்னீங்கன்னு தோள்ல கைபோட்டாரே."

அக்கா தம்பி இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். "நீ இன்னும் பச்சைக் குழந்தைடா. பேப்பர் எடு. மனு எழுதணும். நான் சொல்லச் சொல்ல எழுது."

சக்கரம் எழுதினார். அக்கா சொல்வது அச்சில் வருவதுபோல இருந்தது. வயது, பணிக்காலம், பார்வையற்ற மூத்த சகோதரி, அவளுக்கு வேறு துணையில்லை என்பது எல்லாம் வரிசையாக வந்தது. "மேற்பார்வையாளர் என் மீது வைத்திருக்கும் காழ்ப்பின் காரணமாகவே" என்று அவள் சொன்னபோது பேனா நின்றது.

"காழ்ப்புன்னா என்னக்கா? வெறுப்புன்னு எழுதினா போதாதா?"

"போதாது. கோபம்னா பொங்கும், அடங்கிரும். வெறுப்புன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிரும். காழ்ப்பு போகாதுடா. பக்கத்துல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டே உள்ளுக்குள்ள இறுகிக்கிட்டே இருக்கும். மரத்தோட நடுவுல கறுப்பா ஒரு கெட்டி இருக்குமே, வருஷம் ஆக ஆக ஏறுமே, அதுக்குக் காழ்னு பேரு. அந்த மாதிரி. நாற்காலிய எடுத்தப்பவே சொல்லணும்னு நினைச்சேன்."

"எந்த ழ?"

"மழைக்கு வர்ற ழ."

அக்காவின் முகத்தில் அன்று ஒரு திருப்தி இருந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு சொல் அதனுடைய இடத்தில் உட்கார்ந்ததை அவள் உணர்ந்திருந்தாள்.

வாரியத் தலைமை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் குறைதீர் பிரிவு இருந்தது. அங்கே இருந்த எழுத்தர் மனுவை ஒரு தடவை படித்தார், கணினியைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"உங்க குறை எந்த வகையில வருது?"

"என்னென்ன வகை இருக்குங்க?"

"இருபத்திரண்டு இருக்கு. விடுப்பு, சீருடை, கழிவறை, காற்றோட்டம், கருத்து வேறுபாடு, தவறான புரிதல்னு போகுது. நீங்க எழுதியிருக்கறது இதுல இல்லையே."

"இதரன்னு ஒண்ணு இருக்குமேங்க."

"இருந்துச்சு. எல்லாரும் அதுலயே போட ஆரம்பிச்சிட்டாங்க. எடுத்துட்டோம்."

"அப்ப தவறான புரிதல்னு போட்டுக்குங்க."

எழுத்தர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "நீங்க மனுவுல அப்படி எழுதலையே. எழுதினது ஒண்ணு, பதியறது ஒண்ணுன்னா அது மோசடி. இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், ஒரு குறையைக்கூட நான் தப்பாப் பதிஞ்சதில்ல."

"தீர்ந்ததுங்களா?"

"எது?"

"அந்தக் குறையெல்லாம்."

"அது வேற பிரிவு" என்றார் எழுத்தர்.

சக்கரம் அந்தச் சொல்லை அடித்துவிட்டு வேறு எழுதித் தருவதாகச் சொன்னார். அடித்தல் திருத்தல் உள்ள மனு செல்லாது. புது மனு தருவதாகச் சொன்னார். மனு கொடுப்பதற்கான ஏழு நாள் கெடு அன்று மாலையோடு முடிகிறது. புது மனுவுக்கு மேற்பார்வையாளரின் கையொப்பம் வேண்டும். மேற்பார்வையாளர் அன்று விடுப்பில் இருந்தார். கடைசியில் எழுத்தர் ஒரு வழி சொன்னார். வாரியத்தில் சொல் தெளிவுக் குழு என்று ஒன்று இருக்கிறது. அது இதுவரை கூடியதில்லை. மனுவை அங்கே அனுப்பினால், சொல்லுக்குப் பொருள் என்னவென்று குழு முடிவு செய்யும். பிறகு அது எந்த வகை என்று தெரியும். பிறகு குறையைப் பார்க்கலாம்.

"அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கலாமாங்க?"

"அதெப்படி? ஆணையில பொருள் விளங்காத சொல் எதுவும் இல்லையே. போய்ச் சேருங்க."

சக்கரம் போய்ச் சேர்ந்தார். அக்காவை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடுமுறை நாளில், ஏழு மணி நேரம் வந்து, ஐந்து மணி நேரம் வீட்டில் இருந்து, ஏழு மணி நேரம் திரும்பிப் போனார்.

மூன்றாவது மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தாங்கள் தெரிவித்துள்ள காய்ப்பு தொடர்பாக வாரியத்தின் மருத்துவக் குழு முன் ஆஜராகவும் என்று இருந்தது. தட்டச்சு செய்தவருக்கு ழகரம் வாயில் வராது, கையிலும் வரவில்லை. சக்கரத்துக்கு அது எழுத்துப் பிழை என்று தெரிந்தது. ஆனால் கூப்பிட்டால் போக வேண்டும் என்பதும் தெரிந்தது.

மருத்துவர் மேசைக்குப் பின்னால் இருந்து கேட்டார். "எங்க காய்ப்பு?"

சக்கரம் இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினார். இருபத்திரண்டு வருடச் சக்கரம் அங்கே இருந்தது. மருத்துவர் ஒரு பென்சிலால் குத்திப் பார்த்தார்.

"இது மேற்பார்வையாளர் வச்சதா?"

"இல்லைங்க. வேலையில வந்தது."

"மனுவுல அவர் வச்சிருக்கார்னு எழுதியிருக்கீங்க."

"அவர் வச்சிருக்கறது வேறங்க. அதுக்கு மழைக்கு வர்ற ழ."

"மழையில நனைவீங்களா?"

"மூணு வருஷம் நனைஞ்சேங்க. கோட்ட வாங்கி வச்சுக்கிட்டாரு."

மருத்துவர் தலையை ஆட்டியபடி எழுதினார். பிறகு வாசித்துக் காட்டினார்: "மனுதாரரின் இரு கைகளிலும் காய்ப்பு உள்ளது. மழைக்காலத்தில் கூடுகிறது. மேற்பார்வையாளருக்கு இதில் பங்கில்லை." ஒரு களிம்பும் கொடுத்தார். ஒரு நாளைக்கு இரண்டு வேளை தடவச் சொன்னார்.

ஐந்தாவது மாதம் தையல்காரம்மா, வீட்டைப் பெருக்கிக் கொடுக்கிறேன் என்று நல்ல மனதோடு வந்து, குடத்தை ஓரடி தள்ளி வைத்துவிட்டுப் போனாள். அக்கா மூன்று அடி வைத்தாள், குடம் இல்லை. தடுமாறிப் பின்னால் சாய்ந்தபோது கை அடுப்பில் இருந்த வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்தது. முழங்கைவரை தோல் உரிந்தது. சக்கரம் விடுப்புக் கேட்டார். பதினேழாம் நிலையத்தில் வேறு ஆள் இல்லாததால் விடுப்பு இல்லை என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து அவர் போய்ப் பார்த்தபோது, அக்கா கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுமில்லடா. அந்தம்மாவ ஒண்ணும் சொல்லிராத. பாவம், பெருக்கறேன்னு வந்தது" என்றாள். பிறகு, "மனு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"குழு கூடப்போகுதாம்."

ஏழாவது மாதம் குழு கூடியது. முதல் கூட்டம் என்பதால் சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். நீள மேசைக்கு ஒரு பக்கம் குழுத் தலைவரும், வெளியிலிருந்து வரவழைத்த மொழி வல்லுநரும், குறிப்பெடுக்கக் குறைதீர் பிரிவு எழுத்தரும் இருந்தார்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி வைத்திருந்தது, கடையில் வாங்கியது. மறுபக்கம் மேற்பார்வையாளர், சக்கரம், அக்கா. மனுவில் உள்ள சொல் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார்கள். சக்கரம் உண்மையைச் சொல்லியிருந்தார். அதனால் அக்காவுக்குச் 'சொல்லின் மூலம்' என்ற வகையில் அழைப்பு வந்திருந்தது.

குழுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "இந்த வாரியத்துல முப்பத்தோரு வருஷமா இருக்கேன். யாருக்கும் யார் மேலயும் காழ்ப்பு இருந்து நான் பார்த்ததில்ல. இருந்திருந்தா அதுக்கு ஒரு படிவம் இருந்திருக்கும். ஆனாலும் கடைநிலை ஊழியர் ஒரு சொல்லு சொன்னாக்கூட அதைக் காது கொடுத்துக் கேக்கணும்னுதான் இந்தக் குழு. கேக்கறதுதான் எங்க வேலை. அதுக்கு மேல எங்ககிட்ட யாரும் எதிர்பார்க்கக்கூடாது." எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மேற்பார்வையாளரைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து, சக்கரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேசினார்.

"எனக்கு இவர் மேல ஒண்ணுமே கிடையாதுங்க. சொந்தத் தம்பி மாதிரி. நாற்காலிய எடுத்தேன், முதுகு வளையாம இருக்கட்டும்னுதான். விசிறிய எடுத்தேன், வால்வு அறையில ஈரக்காத்து, சளி பிடிச்சிடும். மாறுதல்கூட எதுக்கு? இங்க இருபத்திரண்டு வருஷம் ஒரே சக்கரத்தச் சுத்தினா மனுஷனுக்கு அலுத்துப் போகாதா? அந்தத் திறப்பு விழா விஷயத்த வச்சுத்தான் இப்படின்னு சிலபேர் பேசறாங்க. அத நான் அன்னிக்கே மறந்துட்டேன். அது ஆச்சு ஆறு வருஷம், பதினோரு மாசம், நாலு நாள். அன்னிக்கு மேடைக்கு எதிர முன்வரிசையில நாற்பத்திரண்டு பேர். அதுல சிரிச்சவங்க ஒம்பது பேர். மூணாவது நாற்காலியில இருந்தவர் கைக்குட்டைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. எனக்கு எதுவும் ஞாபகம் இல்லீங்க."

அவர் உட்கார்ந்தார். குழுத் தலைவர் பெருந்தன்மையைப் பாராட்டினார்.

அடுத்து மொழி வல்லுநர் எழுந்தார். கையில் மூன்று தடித்த புத்தகம், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து சீட்டு. காழ் என்றால் மரத்தின் வயிரம் என்றார். விதைக்குள் இருக்கும் பருப்பைச் சுற்றிய கெட்டியும் காழ் என்றார். உறுதி, திண்மை, நெகிழாமை எல்லாம் அதிலிருந்து கிளைத்த பொருள்கள். "ஆக, மேற்பார்வையாளர் மனுதாரர் மேல காழ்ப்பு வச்சிருந்தார்னா, நெகிழாத உறுதியோட அவரை நிர்வாகம் செஞ்சிருக்கார்னு அர்த்தம். வேர்ச்சொல் வழியாப் பார்த்தா இது குறையே இல்ல. பாராட்டு."

குழுத் தலைவர் மேற்பார்வையாளரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். மேற்பார்வையாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப, சொல்லின் மூலம்" என்றார் எழுத்தர்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "எங்க பார்த்துப் பேசணும்னு சொல்லுங்க" என்றாள். சக்கரம் அவள் தோளைப் பிடித்து நடுமேசைக்கு நேராகத் திருப்பினார்.

"அம்மா, காழ்ப்புன்னா என்னன்னு நினைச்சு எழுதச் சொன்னீங்க?"

"இப்ப ஒருத்தர் நாள் கணக்குச் சொல்லிப் பேசினாரே" என்றாள் அக்கா. "அதாங்க."

எழுத்தர் எழுதலாமா என்று தலைவரைப் பார்த்தார். தலைவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"ஆளைக் காட்டக்கூடாதும்மா. பொருள் மட்டும் சொல்லுங்க."

"சரிங்க. ஒருத்தன் பண்ணின காரியம் சின்னதா இருக்கும். அவனுக்கே அது மறந்து போயிருக்கும். ஆனா இன்னொருத்தனுக்கு அது முள்ளு மாதிரி உள்ள போயிரும். அவன் கத்தமாட்டான், அடிக்கமாட்டான். தினம் அதத் தொட்டுப் பார்த்துக்குவான். வலிக்குதான்னு பார்ப்பான். வலி குறைஞ்சிட்டா பயந்துபோயித் திரும்பக் கிளறி விட்டுக்குவான். அதுல ஒரு சுகம் இருக்குங்க. நாளாக ஆக அவன்கிட்ட வேற எதுவும் மிஞ்சாது. அத விட்டா அவன் வெறும் ஆளு. அதுக்குப் பேருதான் காழ்ப்பு. புத்தகத்துல பிழை திருத்தறப்போ பகைன்னு போடறதா காழ்ப்புன்னு போடறதான்னு சந்தேகம் வந்தா, நான் ஒண்ணுதான் கேட்டுக்குவேன்: எதிராளிக்குத் தெரியுமா? தெரிஞ்சா பகை. தெரியலைன்னா காழ்ப்பு."

மேற்பார்வையாளரின் சிரிப்பு முதல் தடவையாக முகத்தில் சரியாக உட்காரவில்லை. சக்கரம் அவரைப் பார்த்தார். அந்த ஒரு கணம் அவர் பரிதாபமான ஓர் ஆளாகத் தெரிந்தார். சக்கரத்துக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மனு எழுதிய நாளுக்குப் பிறகு வந்த முதல் நம்பிக்கை அது. மொழி வல்லுநர் விழுந்து விழுந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம். இவ்வளவு நுட்பமா எந்த அகராதியிலயும் இல்ல" என்றார் அவர். "எதிராளிக்குத் தெரியலைன்னா. அடடா. இத நான் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்குங்க."

"ஒரே ஒரு சந்தேகம். இத்தனை துல்லியமா ஒருத்தர் சொல்லணும்னா அத உள்ள அனுபவிச்சிருக்கணும் இல்லையா?"

குழுத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதத்தான் நானும் யோசிச்சேன். மேற்பார்வையாளருக்கு அந்தச் சொல்லே தெரியாது. அவர் ஆறு வருஷமா அத வாயால சொன்னதில்ல. சொன்னது யாரு? எழுதினது யாரு? விளக்கம் தெரிஞ்சது யாருக்கு?"

எழுத்தரின் பேனா ஓடியது.

"ஐயா" என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கியிருந்தது. "பொருள் எப்படியோ இருக்கட்டுங்க. தம்பி எப்ப வீட்டுக்கு வருவான்?"

"அது இந்தக் குழுவோட வரம்புல இல்லம்மா" என்றார் தலைவர், இதமாக. "எங்க வரம்பு சொல்லு மட்டும்தான்."

திரும்பும் பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கட்டவிழ்த்த கையில் புதுத்தோல் சிவப்பாகச் சுருங்கியிருந்தது. மூன்று நிறுத்தம் போனதும் தம்பி பக்கம் திரும்பினாள்.

"தப்பு என்மேலதான்டா. நீ கேட்டப்பவே வெறுப்புன்னு எழுத விட்டிருக்கணும்."

"அதுவும் அந்த இருபத்திரண்டு வகையில இல்லக்கா" என்றார் சக்கரம்.

இரண்டு மாதம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. வாரியத்தின் எல்லா நிலையங்களிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். காழ்ப்பு என்னும் சொல்லுக்கு இனி வாரியத்தில் இரண்டு பொருள். மேல்நிலை அலுவலரிடம் காணப்படும்போது: நிர்வாக உறுதி. கீழ்நிலைப் பணியாளரிடம் காணப்படும்போது: ஒழுங்கீனம். முதல் பொருளின்படி மேற்பார்வையாளருக்கு நற்சான்று வழங்கப்பட்டது. இரண்டாம் பொருளின்படி சக்கரத்தின் பணிப்பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறியது. அந்தக் குறிப்பு உள்ளவர்களுக்கு ஓய்வு பெறும்வரை பணிமாறுதல் கிடையாது. அக்கா சொன்ன விளக்கம் மொழி வல்லுநரின் பெயரில் ஒரு மலரில் வெளிவந்ததாகக் கேள்விப்பட்டார்கள். அவரைப் பாராட்டி ஒரு கூட்டமும் நடந்ததாம்.

வீட்டைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பாத்திரங்களைக் கட்டிக் கொடுத்தாள். சக்கரம் அக்காவைப் பதினேழாம் நீரேற்று நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே குடியிருப்பு என்பது ஓர் அறை. அறையின் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் மோட்டார். ஆளுயர மோட்டார்கள் மூன்று, இரண்டிரண்டாக மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். தரை அதிரும், டம்ளரில் தண்ணீர் வைத்தால் மேலே வட்டம் வட்டமாக வரும். சக்கரத்துக்கு அது பழகிவிட்டது. வந்த அன்றே அவர் அடிகளை எண்ணி, அடுப்பையும் குடத்தையும் பழைய வீட்டில் இருந்தபடியே அளந்து வைத்தார். அக்கா நடந்து பார்த்தாள். அடி சரியாக இருந்தது. ஆனால் பால் பொங்குவது கேட்கவில்லை. கதவு திறப்பது கேட்கவில்லை. தம்பி உள்ளே இருக்கிறானா வெளியே போய்விட்டானா என்பதுகூடத் தெரியவில்லை. முதல் வாரம் அவள் பல தடவை, "இருக்கியாடா?" என்று கேட்டாள். அவர் இருந்து பதில் சொன்னாலும் அவளுக்கு எட்டவில்லை. அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். அடுப்புப் பக்கம் போவதையும் விட்டுவிட்டாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்பாள், ஓடும் வண்டியில் உட்கார்ந்திருப்பவளைப்போல.

மோட்டாரின் சூடு ஆறுவதற்காக மத்தியானம் அரைமணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். அந்த அரைமணி நேரத்தில்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

வருடக் கடைசியில் தபாலில் ஒரு படிவம் வந்தது. இனி வாரியத்தின் ஒவ்வொரு பணியாளரும் ஆண்டுக்கு ஒருமுறை உறுதிமொழி தர வேண்டும். குழுத் தலைவர் முன்னுரையில் எழுதியிருந்தார்: இப்படி ஒரு படிவம் முன்பே இருந்திருந்தால் எத்தனையோ மன வருத்தங்களைத் தவிர்த்திருக்கலாம். படிவத்தின் நடுவில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. காழ்ப்பு: உண்டு, இல்லை. பொருந்தாததை அடிக்கவும். உண்டு என்பவர்கள் எங்கே வர வேண்டும், யார் முன் ஆஜராக வேண்டும் என்பது பின்பக்கம் இருபத்தாறு பத்தியில் இருந்தது. இல்லை என்பவர்கள் உடன் வசிப்பவர் ஒருவரின் சாட்சியோடு திருப்பி அனுப்பினால் போதும்.

மோட்டார் நின்ற நேரத்தில் சக்கரம் அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினார்.

"நீ என்ன எழுதப் போற?" என்றாள் அக்கா.

சக்கரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். மேற்பார்வையாளரின் முகத்தை நினைத்துப் பார்த்தார். கோபம் வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. வேறு ஏதோ இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. அவர் உண்டு என்பதை அடித்தார்.

"இல்லைன்னு எழுதிட்டேன்கா."

"சரி."

"நீ சாட்சிக் கைநாட்டு வைக்கணும்."

அக்கா கையை நீட்டினாள். இருபத்தேழு வருடம் பிறர் எழுத்தைத் திருத்திய கை. பெருவிரலை அவர் மையில் ஒற்றி, படிவத்தின் கீழே கட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய் அழுத்தினார். அவள் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"கட்டத்துக்குள்ள விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"தம்பி" என்றாள் அக்கா. அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கினாள். அப்போது சுவருக்கு அந்தப்பக்கம் முதல் மோட்டார் எடுத்தது. பிறகு இரண்டாவது. அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை சக்கரம் எதிரில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.